மலிவு விலை மடிக்கணினி: வாங்கலாமா?

2023-ம் ஆண்டு "ஜியோபுக்" என்ற மடிக்கணினி விற்பனைக்கு வந்தது. அப்போது அதன் விலை 16 ஆயிரத்து 499 ரூபாய். எடை 990 கிராம்தான். பள்ளிக்கூடப் பையில் அடங்கிவிடும்!

விலையைக் கண்டதும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடக் கூடாது. பிள்ளைகளுக்கு அதில் என்ன வேலை? அதுதான் கேள்வி.

பாடம் படிக்க, கட்டுரை எழுத, வீடியோ வகுப்பு பார்க்க என்றால் சரி. கணக்கு எழுதும் "டேலி" பழக வேண்டுமா? அதை இதில் ஏற்ற முடியாது. அதற்கு "விண்டோஸ்" வேண்டும். இதில் இருப்பதோ, செல்போன்களில் உள்ள ஆண்டிராய்டு வழியில் வந்த "ஜியோ ஓ.எஸ்."

படங்களைச் சேர்த்து வைக்க 64 ஜி.பி. இடம் உண்டு. போதாவிட்டால் மெமரி கார்டு போடலாம். "ராம்" 4 ஜி.பி.தான், அதைக் கூட்ட முடியாது.

டேலி படித்து வேலைக்குப் போக நினைக்கும் பெண்ணுக்கு, விண்டோஸ் 11 ஏற்கும் பழைய கணினியே மேல். பாட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள்.