கன்னத்தில் ஒதுங்கிய கவளம்

திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகனுக்கு நாலரை வயது. ஒன்றே முக்கால் வயதில்தான் நடந்தான். பேச்சு இன்னும் இரண்டிரண்டு சொல்லாகத்தான் வருகிறது. சாப்பிடுவதை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்: பொரி, அப்பளம், ஒரே ஒரு கம்பெனியின் பிஸ்கட், மிக்ஸியில் அடித்த தயிர்சாதம், பால். பிஸ்கட் கவரின் நிறத்தைக் கம்பெனி மாற்றியபோது ஒரு வாரம் அதையும் தொடவில்லை. சாம்பார் சாதம் ஊட்டினால் அரை மணி கழித்தும் அது கன்னத்தில் உருண்டையாகவே இருக்கிறது. "எல்லாம் செல்லம் கொடுத்து வந்த அடம், ரெண்டு நாள் பட்டினி போட்டால் தானாச் சாப்பிடுவான் என்கிறார் மாமியார். போட்டுப் பார்க்கலாமா?"

வேண்டாம். சாதாரணமாக அடம்பிடிக்கிற பிள்ளையைப் பசி வழிக்குக் கொண்டுவந்துவிடும். வளர்ச்சியும் பின்தங்கி, உணவிலும் இவ்வளவு ஒதுக்கல் உள்ள பிள்ளைகளில் சிலர், வயிறு காய்ந்தாலும் வாயைத் திறக்க மாட்டார்கள். உடம்பில் நீர் வற்றி டிரிப்ஸ் ஏற்றும் இடத்தில்தான் அந்தச் சோதனை போய் முடியும்.

எனக்கு அந்தக் கேள்வியைவிட அவர் எழுதிய பட்டியல்தான் சுவாரசியம். அப்பளத்தை ஒரு கடி கடித்தால் நொறுங்கும், மிச்சத்தை எச்சில் பார்த்துக்கொள்ளும். பொரியும் அப்படியே. பிஸ்கட்டைக் கடிக்கக்கூட வேண்டாம், வாயில் வைத்திருந்தால் கரையும். தயிர்சாதத்தை மிக்ஸி ஏற்கெனவே மென்றுவிட்டது. ஐந்தில் ஒன்றுகூடக் கடைவாய்ப் பல்லுக்குப் போய் அரைபட வேண்டிய பண்டமில்லை. வெறும் அடமென்றால் தேர்வு இத்தனை ஒழுங்காக அமையாது.

மெல்லுவதைப் பல்லின் வேலை என்றே நினைக்கிறோம். பாதி வேலை நாக்கினுடையது. ஆட்டுக்கல்லில் உளுந்து ஆட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒரு கை குழவியைச் சுற்றும். மற்றொரு கை ஓரத்துக்கு ஏறுகிற மாவைக் குழிக்குள் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். குழவி வரும்போது விரல் அங்கே இருக்காது, குழவி நகர்ந்த மறுகணம் இருக்கும். கடைவாய்ப் பல்லைக் குழவி என்று கொண்டால் நாக்குதான் தள்ளிவிடும் கை. கன்னம் கல்லின் விளிம்பு. எச்சில், நடுநடுவே தெளிக்கிற தண்ணீர். மாவைத் தொட்டுப் பார்த்துப் பதம் சொல்வதும் நாக்கு. அது சரி என்றால்தான் கவளம் தொண்டைக்குப் போகும். ஆட்டி முடித்ததும் ஓரத்தில் ஒட்டியிருப்பதை வழித்தெடுப்பதும் அதுவே. உளுந்து பொங்கி வருவதையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது, ஆனால் இதற்குமேல் இழுத்தால் மாவு புளித்துவிடும்.

இப்போது அந்தத் தள்ளிவிடும் கை மந்தமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். குழவி சுற்றும், மாவு ஓரத்திலேயே ஏறி நிற்கும். அரைபடாத கவளத்தை விழுங்கப் பயம், வெளியே தள்ள நாக்குக்கு லாகவம் போதாது. எனவே அது கன்னத்தில் ஒதுங்குகிறது. திண்டுக்கல் பிள்ளையின் அரை மணி நேர உருண்டைக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்பது என் சந்தேகம். நேரில் பார்க்காமல் சந்தேகத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நியாயம். நடக்கவும் பேசவும் தாமதித்த தசைக் கட்டுப்பாடு, நாக்கில் மட்டும் நேரத்துக்கு வந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கு முகாந்திரம் இல்லை.

நாக்கு கடிபடாமல் எப்படித் தப்புகிறது என்பது இன்னும் அழகு. மெல்லும் தாளத்தை மூளைத்தண்டில் உள்ள ஒரு நரம்புக் கூட்டம் போட்டுக்கொடுக்கிறது. ஒவ்வொரு கடிக்கும் நாம் யோசிக்க வேண்டியதில்லை. பல்லையும் தாடை எலும்பையும் பிணைக்கும் நார்ப்படலம் கால் மில்லிமீட்டர்கூட இராது. ஆனால் பல்லின் மேல் விழும் அழுத்தம் எந்தப் பக்கமிருந்து, எவ்வளவு என்று சொல்லும் உணரிகள் அதற்குள்தான் இருக்கின்றன. பற்களுக்கிடையே ஒற்றைத் தலைமுடி சிக்கினாலும் தெரிந்துவிடுகிறதல்லவா? சோற்றில் கல் கடிபட்டால், 'கல்' என்று நாம் நினைப்பதற்கு முன்பே தாடை விட்டுவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. கை காலிலிருந்து வரும் தொடு உணர்வு நரம்புகளின் செல் உடல்கள் தண்டுவடத்துக்கு வெளியே, பக்கத்தில் முடிச்சு முடிச்சாக இருக்கும். தாடைத் தசைகளிலிருந்தும் பல்லைச் சுற்றியும் வரும் நரம்புகளில் ஒரு பகுதிக்கு மட்டும் அந்தச் செல் உடல்கள் மூளைத்தண்டுக்கு உள்ளேயே குடியிருக்கின்றன. உடம்பில் வேறெந்தப் பகுதிக்கும் இந்தச் சலுகை கிடையாது.

இத்தனை ஏற்பாடும் பிறக்கும்போதே முழுசாக வருவதில்லை. விதை மட்டும் வருகிறது. பச்சிளம் குழந்தையின் நாக்கு ஓரத்தை விரலால் லேசாகத் தடவினால் நாக்கு அந்தப் பக்கமே திரும்பும். பிற்பாடு கவளத்தைக் கடைவாய்க்குத் தள்ளும் திறமை இந்த அனிச்சையிலிருந்து வளர்கிறது. பிள்ளை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைத்துக் கடிப்பதும் இதற்கான பயிற்சிதான். அதே காலத்தில், முதலில் நாக்கின் முன்பகுதியைத் தொட்டாலே வந்துகொண்டிருந்த ஓங்கரிப்பு மெல்ல மெல்லப் பின்னுக்கு நகர்கிறது. முதலில் தாடை மேலும் கீழுமாக மட்டும் அசையும். பக்கவாட்டில் சுழற்றி அரைக்கும் அசைவு தேறி வர இரண்டு மூன்று வயதாகும்.

இங்கே நம் வீட்டு மிக்ஸி மேல் எனக்கொரு வருத்தம் உண்டு. ஸ்பூன் நேராக நடு நாக்கில் இறங்குகிறது, கூழ் வழுக்கிக்கொண்டு போகிறது. செல்போனில் பாட்டு ஓடுவதால் பிள்ளைக்கு என்ன விழுங்கினோம் என்றும் தெரியாது. தட்டு காலியாகும், அம்மாவுக்கு நிம்மதி, நாக்குக்குப் பயிற்சி மட்டும் இல்லை. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வொன்றின் முடிவு 2001-ல் வெளியானது. பத்து மாதத்துக்குப் பிறகே கட்டி கட்டியான உணவைப் பார்த்த பிள்ளைகளிடம் பதினைந்து மாதத்தில் சாப்பாட்டுத் தகராறு அதிகம் என்றது. இதை மேற்கோள் காட்டி அம்மாக்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: ஏற்கெனவே ஓங்கரித்த பிள்ளைக்குத்தான் கட்டி உணவு தள்ளிப்போயிருக்கும். எது முன், எது பின் என்று அந்த ஆய்வால் அறுதியிட முடியாது.

நாக்கின் திறமை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. கவர் நிறம் மாறியதும் பிஸ்கட்டை ஒதுக்கியதற்கு மெல்லுவதோடு சம்பந்தமில்லை. மணம், நிறம், தொடுகை எல்லாம் சிலருக்குக் கூடுதல் உரப்பாக உள்ளே போகின்றன. பிஸ்கட் என்றைக்கும் ஒரே பிஸ்கட். சாம்பார் சாதத்திலோ ஒரு வாயில் கத்தரிக்காய்த் தோல், அடுத்த வாயில் கடுகு, மூன்றாவதில் கறிவேப்பிலைக் காம்பு. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் உணவுச் சிக்கல்கள் ஏறத்தாழ ஐந்து மடங்கு அதிகம் என்று 2013-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அதற்காகச் சாப்பாட்டை மட்டும் வைத்து எதிர்வீட்டுக்காரர் ஆட்டிசம் என்று தீர்ப்பெழுத முடியாது.

வரலாறு கொஞ்சமாவது வேண்டும் என்பார் இதழாசிரியர். கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், பால்குடி மறக்கும் பருவத்திலிருந்த 15 குழந்தைகள் முன்னால் 34 வகை உணவுகளை வைத்து, வேண்டியதை அவர்களே எடுக்கவிட்டார். 1939-ல் அதன் சுருக்கம் வெளியானது. எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். 'பிள்ளைக்கு எது தேவையென்று பிள்ளைக்கே தெரியும்' என்று அதைச் சுருக்கிச் சொல்கிறவர்கள், அந்த 34-ல் சர்க்கரையோ பிஸ்கட்டோ இல்லை என்பதைச் சொல்வதில்லை. எதையும் எதோடும் கலக்காமல் தனித்தனியாக வைத்திருந்தார்கள் என்பதையும்தான். சில பண்டங்களோடு நின்றுவிடும் அளவு உணவு ஒதுக்கலுக்கு அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் தனித் தலைப்பு கிடைத்ததே 2013-ல்தான்.

தலைப்பு வந்ததும் கடையும் வந்துவிட்டது. பசியைத் தூண்டும் டானிக், அதிரும் பிரஷ், முப்பது நாள் ஆன்லைன் வகுப்பு. பசி டானிக் பசியைத் தூண்டலாம்; நாக்கைப் பக்கவாட்டில் திருப்பாது. ஆட்டிசத்துக்குக் கோதுமையையும் பாலையும் நிறுத்தச் சொல்வது இன்னொரு வியாபாரம். 2008-ல் காக்ரேன் குழு சான்றுகளைத் தொகுத்தபோது, அந்தப் பத்தியத்துக்கு ஆதரவாகக் கிடைத்தது மிகச் சொற்பம். ஐந்தே பண்டம் தின்கிற பிள்ளையிடமிருந்து அதில் மூன்றைப் பிடுங்குவதற்கு முன்னால் யோசிக்க வேண்டாமா?

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் செய்வது பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நீளமான துண்டொன்றை நடுவில் வைக்காமல் கடைவாய்ப் பக்கம் வைப்பார், நாக்கு அங்கே தேடிப் போகட்டும் என்று. மூச்சுக்குழலில் சிக்காத பண்டம் எது, எவ்வளவு நேரம் என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் வீடியோ பார்த்துக் கேரட்டை நீட்டுவது ஆபத்து. பிறகு, ஏற்றுக்கொண்ட உணவிலிருந்து ஒரு சின்ன அடி. அப்பளம் தின்கிறவனுக்கு முறுகலான தோசை ஓரம். அது பழகினால் கொஞ்சம் மெத்தென்ற ஓரம். புது உணவை எட்டிலிருந்து பதினைந்து முறை சுவைத்தால் பிடித்துப்போகும் என்று படித்திருப்பீர்கள். அந்தக் கணக்கு சாதாரணப் பிள்ளைகளை வைத்துப் போட்டது. இவனுக்கு அது ஐம்பதாகலாம், சில பண்டங்களில் நடக்காமலும் போகலாம்.

அதற்கும் முன்னால் மருத்துவர் பார்க்க வேண்டியவை உண்டு: மலச்சிக்கல், நெஞ்சுக்கு ஏறும் அமிலம், சொத்தைப் பல். வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை தட்டைத் தள்ளித்தான் சொல்லும். தண்ணீர் குடித்தாலே இருமல், அடிக்கடி சளிக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் காத்திருக்கக் கூடாது; ஈறில் ரத்தம், கால் வலி என்றால் வைட்டமின் சி குறைபாட்டைச் சந்தேகிக்க வேண்டும். ஸ்கர்வி பழைய கப்பல்காரர்களோடு ஒழிந்துவிடவில்லை; இப்படிச் சில பண்டங்களே தின்னும் பிள்ளைகளிடம் இன்றும் கண்டுபிடிக்கிறார்கள்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. என்ற தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமே உண்டு. போகும்போது அவன் சாப்பிடுகிற பிஸ்கட்டை அதே கவரோடு எடுத்துக்கொள்ளுங்கள். அவன் மெல்லுவதை முன்பக்கமிருந்து ஒரு நிமிடம் செல்போனில் எடுத்துக்கொண்டும் போங்கள். புது இடத்தில் அவன் எதையும் வாயில் வைக்கப்போவதில்லை.