குருதி கூறுவதும் கூறாததும்

கஞ்சா புகைப்பான் ஒருவன் நோயுற்று வைத்தியசாலைக்குச் சென்று இரத்தம் கொடுப்பானாயின், அவனது பழக்கத்தை அவ்விரத்தம் வெளிப்படுத்துமோ என மேல்வகுப்பு மாணவர் சிலர் என்னை வினவினர். தமிழாசிரியனிடம் கேட்கத்தக்கதன்று எனத் தள்ளிவிட என் மனம் ஒருப்படவில்லை. மருத்துவ நூல்களை நாடி யான் அறிந்தவற்றை ஈண்டுக் கூறுவேன்.

இவ்வினாவினுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. இரத்தம் கஞ்சாவைக் காட்டிக்கொடுக்குமோ என்பது ஒன்று. கஞ்சா இரத்தப் பரிசோதனையின் முடிவை மாற்றுமோ என்பது மற்றொன்று. பலரும் முதலாவதற்கே அஞ்சுவர். உண்மையில் அஞ்சத்தக்கது இரண்டாவதேயாம்.

முதலாவதற்கு விடை எளிது. செங்குழியங்களை எண்ணுதல், சர்க்கரையை அளத்தல், கொலஸ்ட்ரோலைக் கணித்தல் ஆகிய வழமையான பரிசோதனைகள் கஞ்சாவைத் தேடுவனவல்ல. மயக்கந் தரும் ரி. எச். சி. என்னும் பொருளைக் கஞ்சாவினின்றும் பிரித்து அதன் அமைப்பை 1964ஆம் ஆண்டில் வெளியிட்டோர் இஸ்ரேல் நாட்டு அறிஞர் மெக்கூலமும் காவோனியும் ஆவர். அதனைக் காண்பதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். கொழுப்பிற் கரையும் இயல்பினதாதலின், நாடோறும் புகைப்பாரது சிறுநீரில் அதன் எச்சம் சில வாரங்கள் வரை தங்கிநிற்றலுங் கூடும்.

இரண்டாவது நுணுகி நோக்கற்பாலது. 4,657 பேரை ஆராய்ந்து 2013இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், கஞ்சாவைப் பயன்படுத்தி வந்தோரின் உண்ணாநிலை இன்சுலின், அதனை ஒருபோதும் தொடாதோரினும் 16 வீதம் குறைந்து காணப்பட்டது. இதுகொண்டு கஞ்சா நீரிழிவுக்கு மருந்தெனத் துணிதல் தவறு. இரண்டு ஒருங்கு காணப்படுதலால் ஒன்று மற்றொன்றிற்குக் காரணமாகிவிடாது. கஞ்சாச் செடியிலுள்ள கனபிடையோல் வலிப்பு மருந்தாக 2018இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதனை உட்கொள்வோருட் சிலர்க்கு ஈரல் நொதியங்கள் இரத்தத்தில் உயர்கின்றன.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டோர் இரத்தம் உறையாதிருத்தற்பொருட்டு வாபரின் என்னும் மருந்தை உண்பர். அதன் அளவு மிகாமலும் குறையாமலும் இருத்தலை ஐ. என். ஆர். என்னும் பரிசோதனை காட்டும். வாபரினைச் சிதைக்கும் ஈரல் நொதியத்தைக் கஞ்சாவின் பொருள்கள் தடுக்கவல்லன. அப்பொழுது மருந்து உடலில் மிகும், ஐ. என். ஆர். உயரும், குருதி கசியும். இங்ஙனம் நேர்ந்தமை மருத்துவ ஏடுகளிற் பதிவாகியுள்ளது. காரணம் அறியாத வைத்தியர் மருந்தைக் குறைப்பார். பின்னர் நோயாளி புகையைக் கைவிடின், குறைத்த மருந்து போதாதாகிக் குருதி உறைதலுங் கூடும். மறைத்தவனுக்கு இருபுறமும் இடர்.

மருத்துவத்தை நான்கு கூறாக்கிய வள்ளுவர் நோயாளியையே முதற்கண் வைத்தார். தன் நோயின் நிலையை உணர்த்துதலை அந்நோயாளிக்குரிய இயல்புகளுள் ஒன்றாகப் பரிமேலழகர் எண்ணுவர். குருதி தான் கேட்கப்பட்டதற்கே விடை கூறும். கேட்கப்படாததைக் கூறவேண்டியவன் நோயாளியே.

கஞ்சாவுக்கு யான் பரிந்து பேசுகின்றேன் அல்லேன். இந்நாட்டில் அதனை வைத்திருத்தல் குற்றமாதலின், இளைஞர் வைத்தியர் முன்னும் வாய்திறக்க அஞ்சுகின்றனர். பெற்றோர் உடனிருக்கும்போது அவ்வச்சம் இருமடங்காகும். வைத்தியர் இளைஞனைத் தனியே இருத்தி வினவுவாராக, வினவும்போது கடிந்துரையாதிருப்பாராக. ஆசிரியராகிய நாமும், கஞ்சாவின் தீமையைக் கற்பிக்கும் அதே வகுப்பில், வைத்தியரிடம் உண்மை கூறுதலின் இன்றியமையாமையையும் கற்பித்தல் வேண்டும். பழக்கத்தை விடுதற்குக் காலம் செல்லும். உண்மையை உரைத்தற்கு ஒரு நொடி போதும்.