இல்லறத்தில் மலர்ந்த இறைப்பணி

அன்னை மரியாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8ம் நாள், 1853ம் ஆண்டு, பிரான்சின் மார்செய் நகரில் ஒரு குடும்பத் தலைவர் 40 வயதில் இறைவனடி சேர்ந்தார். அவரே முத்திப்பேறுபெற்ற பிரடெரிக் ஓசானாம். நம் பங்குகளில் ஏழைகளின் இல்லங்களைத் தேடிச் செல்லும் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர்.

1813ல் மிலான் நகரில் பிறந்து, லியோன் நகரில் வளர்ந்தவர் ஓசானாம். ஏழைகளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் பார்த்த தந்தையிடமே பிறரன்பின் முதல் பாடத்தைக் கற்றார். பாரிசில் அவர் சட்டம் பயின்றபோது, 'இன்று உங்கள் திருச்சபை ஏழைகளுக்கு என்ன செய்கிறது?' என்று சக மாணவர்கள் கேட்டனர். சொல்லால் அல்ல, செயலால் பதில் தர விரும்பினார். 1833 ஏப்ரல் 23 அன்று, தமது 20வது பிறந்த நாளில், நண்பர்கள் சிலருடன் இச்சபையைத் தொடங்கினார். ஏழைகளின் வீடுகளுக்கு வழிகாட்டியவர் அருள்சகோதரி ரோசலி ராந்து. தங்களிடம் எஞ்சியிருந்த விறகைக் கொண்டுபோய்க் கொடுத்ததே அவர்களது முதல் உதவி.

குருவாகலாமா என்று சிந்தித்த ஓசானாம், இறுதியில் இல்லறத்தையே இறையழைத்தலாக ஏற்றார். 1841 ஜூன் 23ல் அமேலியை மணந்தார். 1845ல் மகள் மரி பிறந்தாள். சோர்போன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பணி, ஏழைகளைச் சந்திக்கும் பணி என்று ஓய்வற்ற வாழ்க்கை. ஆனாலும் மாதந்தோறும் 23ம் நாள், தம் திருமண நாளின் நினைவாக மனைவிக்கு மலர்கள் கொடுக்க அவர் மறந்ததில்லை.

அவரது வாழ்க்கை வரலாற்றில் ஒரு புத்தாண்டு நிகழ்வு சொல்லப்படுகிறது. வறுமையுற்ற குடும்பம் ஒன்று, தன் நல்ல நாள்களின் நினைவாக வைத்திருந்த மர அலமாரியை அடகு வைத்துவிட்டது. அதை மீட்டுக் கொடுக்க ஓசானாம் விரும்பினார். செலவை எண்ணி அமேலி தயங்கவே, விட்டுவிட்டார். மாலையில், மகளைச் சுற்றிக் கிடந்த பரிசுகளைக் கண்டு அவர் மனம் வாடியது. அதைக் கண்ட அமேலியே, "போய் மீட்டுக் கொடுங்கள்" என்று அனுப்பி வைத்தார்.

இங்கேதான் நமக்கான பாடம் இருக்கிறது. அன்பியக் கூட்டம், திருவிழாப் பணி, கோவில் கணக்கு என்று நாள்தோறும் ஓடுகிறோம்; வீட்டிலோ நமக்காகக் காத்திருந்தவர்கள் சாப்பிடாமலேயே உறங்கிவிடுகிறார்கள். அல்லது, 'குடும்பமே பெரும் பாடு, கோவில் பணிக்கு நேரமேது?' என்று ஒதுங்கிக்கொள்கிறோம். ஓசானாம் இவ்விரண்டையும் எதிரெதிராகப் பார்க்கவில்லை. மனைவியின் சம்மதத்தோடும் பங்கேற்போடும் செய்த பணி அவருடையது.

1997 ஆகஸ்ட் 22ல், உலக இளையோர் நாளின்போது, பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார். குருவோ துறவியோ அல்ல, ஒரு கணவர், ஒரு தந்தை பீடத்திற்கு உயர்த்தப்பட்டார்.

நம் பங்குகளில் பெயர் தெரியாமல் உழைத்து மறைந்த குடும்பத் தலைவர்களை இன்று நன்றியோடு நினைப்போம். அவர்களை ஆலயப் பணிக்கு அனுப்பிவிட்டு, வீட்டுச் சுமையைத் தாங்கிய மனைவி மக்களுக்காகவும் செபிப்போம். இறைவா, எம் இல்லங்களின் அன்பு ஏழைகளின் வாசல்வரை செல்ல வரமருளும். ஆமென்.