பத்து மடங்கு, ஆனால் எதில்?

2020 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. மலேசியச் சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் அப்துல்லா தம் முகநூல் பக்கத்தில் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். கெடாவின் சிவகங்கா தொற்றுத் திரளில் மூவரிடமும், ஜொகூரின் உலு திராம் திரளில் ஒருவரிடமும் டி614ஜி என்ற திரிபு கொண்ட கோவிட் கிருமியை மருத்துவ ஆய்வுக் கழகம் கண்டறிந்திருந்தது. அது பத்து மடங்கு எளிதில் தொற்றும் என்றார் அவர். பினாங்கின் பாகான் டாலாமில் இருப்பவர்களுக்கு இது தூரத்துச் சேதி அல்ல. பட்டர்வொர்த்திலிருந்து வடக்கே மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அந்தத் திரளின் தொற்று பெர்லிஸையும் பினாங்கையும் ஏற்கெனவே தொட்டிருந்தது. அந்த வாரம் வாய்மொழியாகச் சுற்றிய சேதியில் தொற்றும் வேகம் காணாமல் போய், பத்து மடங்கு கொடிய கிருமி என்றே ஆகிவிட்டது.

கதையின் தொடக்கம் நமக்குத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டின் சிவகங்கையிலிருந்து ஜூலையில் திரும்பிய ஒரு நாசி கண்டார் உணவகக்காரர், கெடாவின் நாப்போவில் வீட்டுத் தனிமையை மீறிக் கடைக்குப் போனார். அலோர் ஸ்டார் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறையும் 12,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. தண்டனை அவருக்கு, பழி ஓர் ஊருக்கும் ஒரு சமூகத்துக்கும். இத்தனைக்கும் அந்தத் திரிபு அப்போது உலகின் பெரும்பகுதியில் பரவிக் கிடந்த ஒன்று. மலேசியாவுக்குத்தான் அது புதுசு. ஸ்ரீ பெட்டாலிங் சமயக் கூட்டத்துக்குப் பிறகு இங்கே ஓடிக்கொண்டிருந்தது பி.6 என்ற வேறொரு கிளை; அதில் இந்த மாற்றம் கிடையாது.

அந்த மாற்றத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். கொரோனா கிருமியின் மரபுச் சரம் ஏறத்தாழ 29,900 எழுத்துகள் நீளம். கிருமி தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழைகள் நேரும். கொரோனா குடும்பத்துக்குப் பிழை திருத்தும் நொதி ஒன்று சொந்தமாக இருப்பதால், மாதத்துக்கு இரண்டு பிழைகள் அளவில்தான் தங்குகின்றன. பெரும்பாலானவற்றால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. 23,403-ஆம் இடத்தில் ‘ஏ’ என்ற எழுத்து ‘ஜி’ ஆனது மட்டும் தப்பிப் பிழைத்துக் கொடி கட்டியது. அதனால் கிருமியின் கூர்முனைப் புரதத்தில் 614-ஆம் இடத்தில் இருந்த அஸ்பார்டிக் அமிலம் போய், கிளைசின் வந்து உட்கார்ந்தது. கூர்முனை என்பது மூன்று இழைகள் சேர்ந்தது. பழைய அமிலம் பக்கத்து இழையை ஒரு பொத்தான்போலப் பிடித்து வைத்திருந்தது. கிளைசினுக்குப் பிடிப்பதற்குக் கையே இல்லை. பிடி தளர்ந்ததும், நம் செல்லைப் பற்றும் பகுதி கூடுதல் நேரம் திறந்து நிற்கிறது. கூர்முனை முன்போல எளிதில் உதிர்ந்துபோவதும் இல்லை.

சரி, பத்து மடங்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ஹேர்யுன் சோ, மைக்கேல் ஃபர்சான் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். வேறொரு தீங்கற்ற கிருமியின் மேல் கொரோனாவின் கூர்முனையைப் பொருத்தி, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களுக்குள் அது எவ்வளவு நுழைகிறது என்று எண்ணினார்கள். திரிபுள்ள கூர்முனை பழையதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு நுழைந்தது. ஆய்வு நேர்மையானது. ஆனால் அது தட்டுக்கும் செல்லுக்கும் இடையிலான கணக்கு. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பத்து மடங்கு பரவும் என்பதோ, படுக்கையில் தள்ளும் என்பதோ அதிலிருந்து வராது.

நோயாளிகளிடம் பார்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 999 நோயாளிகளின் தரவை வைத்து பெட் கோர்பர் குழு 2020 ஜூலையில் ‘செல்’ இதழில் எழுதியது: திரிபுள்ளவர்களின் மூக்கிலும் தொண்டையிலும் கிருமி அதிகம், ஆனால் மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றுவதோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. வெள்ளெலிகளிலும் அதே கதை. மேல் சுவாசப் பாதையில் கிருமி பெருகியது. நுரையீரலில் வித்தியாசம் இல்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தாவுவதற்கு மூக்கில் கிருமி அதிகம் இருக்க வேண்டும். மூச்சுத் திணற வைப்பதற்கு அது நுரையீரலின் அடிக்கு இறங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு வேலைகள், ஒரே திரிபு இரண்டையும் செய்தாக வேண்டிய கட்டாயம் இல்லை.

அதே வாரத்தில் சிங்கப்பூரிலிருந்து எதிர்த்திசையில் ஒரு குரல் வந்தது. தொற்றுநோய் வல்லுநர் பால் தம்பையா, இந்தத் திரிபு அதிகம் தொற்றினாலும் குறைவாகக் கொல்வதாக இருக்கலாம், அப்படியென்றால் அது நல்லதே என்றார். ஐரோப்பாவில் இது பரவிய காலத்தில் மரண விகிதம் குறைந்ததை அவர் சுட்டினார். என் பார்வையில் இதுவும் அவசரம்தான். அந்த மாதங்களில் பரிசோதனை பெருகியிருந்தது, இளையோரிடம் தொற்று கூடியிருந்தது, டெக்ஸாமெத்தசோன் உயிர் காக்கும் என்று ஜூனில் தெரிந்துவிட்டது. மரணம் குறைந்ததற்குக் கிருமியைப் பாராட்ட வேண்டியதில்லை.

‘பத்து மடங்கு’ கிருமி கெடாவில் என்ன செய்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். தொடர்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, குபாங் பாசு வட்டாரத்தில் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தியதில், சிவகங்கா திரள் 45 பேர் அளவில் அடங்கியது. மலேசியாவின் மூன்றாம் அலை சபாவிலிருந்து எழுந்தது.

கடுமையைக் குறைக்கிற திரிபு என்று ஒன்று உண்டா என்று கேட்டால், உண்டு. அதுவும் தம்பையாவின் ஊரிலேயே. 2020 தொடக்கத்தில் சிங்கப்பூரில் சிலரிடம் இருந்த கிருமியில் 382 எழுத்துகள் ஒரே வெட்டாகக் காணாமல் போயிருந்தன. ஓஆர்எஃப்8 என்ற மரபணு அதில் பறிபோயிருந்தது. நம் நோய் எதிர்ப்பை ஏமாற்ற உதவும் மரபணு அது என்று கருதப்படுகிறது. ‘லான்செட்’ இதழில் வந்த ஒப்பீடு இது: முழுக் கிருமி தொற்றிய 92 பேரில் 26 பேருக்கு ஆக்சிஜன் குறைந்தது; வெட்டுப்பட்ட கிருமி மட்டுமே இருந்த 29 பேரில் ஒருவருக்கும் குறையவில்லை. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் செய்தி தெளிவு. இந்த மென்மையான கிருமி உலகை ஆண்டிருக்கலாமே என்று தோன்றும். மார்ச்சுக்குப் பிறகு அது தென்படவே இல்லை. தொடர்பில் இருந்தவர்களைத் தனிமைப்படுத்திய நடவடிக்கையில், சாதுவான கிளையும் சேர்ந்து அறுந்தது.

கிருமிகள் நாளாக ஆக மென்மையாகிவிடும் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். கோவிட் நோயாளி மற்றவருக்குப் பரப்புவது பெரும்பாலும் அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து முதல் வாரம்வரை. மூச்சு முட்டுவதோ இரண்டாம் வாரத்தில். அதற்குள் கிருமி அடுத்த ஆளிடம் போயிருக்கும். நோயாளி பிழைத்தாலும் இறந்தாலும் அதன் வம்சத்துக்குப் பெரிய நட்டம் இல்லை. பரவ உதவும் திரிபு நிலைக்கும். கடுமை அதோடு ஒட்டிக்கொண்டு கூடலாம், குறையலாம்.

டெல்டாவில் கூடியது. 2020 இறுதியில் மகாராஷ்டிராவில் கண்டறியப்பட்ட அந்த வகையில் 681-ஆம் இடத்தில் புரோலின் போய் அர்ஜினின் வந்திருந்தது. கூர்முனையை வெட்டித் தயார் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே இந்த மாற்றம். வெட்டு சுலபமானதால் தொற்றிய செல்கள் அண்டைச் செல்களோடு ஒட்டி ஒன்றாகின. ஜப்பானில் கெய் சாத்தோவின் குழு இந்த ஒரே மாற்றத்தை மட்டும் சாதாரணக் கிருமியில் ஏற்றி வெள்ளெலிகளுக்குக் கொடுத்தபோதே நோய் கடுமையானது. ஸ்காட்லாந்துத் தரவில், டெல்டா தொற்றியவர் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு ஆல்ஃபாவைவிட ஏறக்குறைய இரு மடங்கு. மலேசியாவில் 2021 ஆகஸ்ட் 26 அன்று ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று.

ஓமிக்ரானில் கடுமை குறைந்தது. ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சான் குழு மனிதத் திசுக்களில் சோதித்தபோது, மூச்சுக்குழாயில் அது டெல்டாவைவிட 70 மடங்கு வேகமாகப் பெருகியது. நுரையீரல் திசுவில் முதல் கிருமியைவிடப் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2022 மார்ச் 5 அன்று மலேசியாவில் 33,406 பேருக்குத் தொற்று. மரணங்கள் டெல்டா காலத்தை நெருங்கவில்லை. இங்கே பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஊசி போட்டிருந்தார்கள். ஹாங்காங்கில் அதே மாதங்களில், 80 வயது கடந்தவர்களில் பெரும்பாலோர் ஊசி போடாமல் இருந்த நிலையில், ‘மென்மையான’ ஓமிக்ரான் 9,000-க்கும் அதிகமானோரைக் கொண்டுபோனது.

ஆக, கடுமையின் ஒரு பாதி கிருமியில் இல்லை. நம் மரபிலும் ஒரு பங்கு கிடக்கிறது. ஹியூகோ ஸேபர்க்கும் ஸ்வாந்தே பேபோவும் 2020-இல் காட்டியபடி, நோயை முற்றவைக்கும் ஒரு மரபுத் துண்டு நியாண்டர்தால் மனிதரிடமிருந்து வந்தது. தெற்காசிய வம்சத்தில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் அது இருக்கிறது, கிழக்காசியரிடம் அநேகமாக இல்லை. அதன்மேல் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இந்தியரிடையே விகிதம் மற்ற எல்லா இனத்தாரையும்விட அதிகம்.

நீரிழிவோ இதய நோயோ உள்ளவர்களும் 60 வயதைக் கடந்தவர்களும் சோதனையில் இரண்டு கோடு விழுந்தால், வந்திருப்பது எந்த வகை என்று தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அறிகுறி தொடங்கி ஐந்து நாளுக்குள் சுகாதாரக் கிளினிக்கிலோ குடும்ப மருத்துவரிடமோ பாக்ஸ்லோவிட் மாத்திரை தமக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். மற்ற மாத்திரைகள் சிலவற்றோடு அது ஒத்துப்போகாது என்பதால் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொண்டுபோவது நல்லது. அந்த மருந்து தடுப்பது கூர்முனையை அல்ல, கிருமி தன் புரதங்களை வெட்டிப் பிரிக்கும் நொதியை. 614-இலும் 681-இலும் என்ன மாறினாலும் அதற்குக் கவலையில்லை.