ஊற்றுவது சுலபம், உறிஞ்சுவதில்தான் சாமர்த்தியம்!

வீட்டில் கார்ப்பெட் போட்டிருக்கிற சகோதரிகளைக் கேட்டால் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள். "வாங்கின புதுசுல எவ்வளவு அழகா இருந்தது! இப்போ நிறமே தெரியலை!" பவானி ஜமக்காளமாக இருந்தால் கவலையே இல்லை. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய், சோப்புப் போட்டு அலசி, கைப்பிடிச் சுவரில் விரித்துவிட்டால் வெயில் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அறை முழுக்கச் சுவரோடு சுவராக ஒட்டிய கார்ப்பெட்டை என்ன செய்வது? தூக்கவும் முடியாது, துவைக்கவும் முடியாது. மெஷினோடு வருகிற ஆட்களைத்தான் கூப்பிட்டாக வேண்டும்.

நானும் என் நாத்தனாரும் சென்னையில் இந்தத் தொழிலைத்தான் சில வருஷமாகச் செய்துவருகிறோம். போகிற வீடுகளில் எல்லாம் "என்ன மெஷின்? என்ன ஷாம்பு?" என்று விசாரிப்பார்கள். "உங்க வாண்ட் எப்படி?" என்று கேட்டவர் ஒருவர்கூட இல்லை. ஆனால் காரியமே அதில்தான் இருக்கிறது!

"வாண்டா? அது எங்க வீட்டிலேயே ரெண்டு இருக்கு, சுவரெல்லாம் கிறுக்கிக்கிட்டு!" என்று சிரிக்காதீர்கள். இது வேறு வாண்ட். மெஷினிலிருந்து வரும் ஹோஸின் நுனியில் மாட்டுகிற, வளைந்த நீளமான குழாய். அடியில் பட்டையாக ஒரு வாய். அந்த வாயருகில் சின்ன ஜெட்டுகள். விசையை அழுத்தினால், சோப்பு கலந்த வெந்நீர் ஜெட் வழியாகக் கார்ப்பெட்டின் இழைகளுக்குள் பீச்சும். அடுத்த நொடியே அந்த வாய், அழுக்கோடு சேர்த்துத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மெஷினில் நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு தொட்டி. வேலை முடிந்ததும் இரண்டாவது தொட்டியைத் திறந்து காட்டினால், "அடியம்மா! இது மேலதான் குழந்தை உருண்டுக்கிட்டு இருந்ததா?" என்று அதிர்ந்துபோவார்கள்.

ஈரம் தங்கினால் என்ன ஆகும்?

வேளச்சேரியில் ஒரு ஃபிளாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி. அதற்கு இளைப்பு. "நாலு நாள் முன்னாடிதாம்மா ஆளைக் கூப்பிட்டுக் கழுவினோம். நுரை நுரையா வந்துச்சு. நல்லாத்தான் தேய்ச்சாங்க. மூணாம் நாளே ஒரு வாடை. குழந்தைக்கும் ராத்திரியில மூச்சு வாங்குது," என்றார் பாட்டி. நான் மூலையில் கார்ப்பெட்டைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தேன். அடியில் மெத்தென்றிருக்கப் போட்ட விரிப்பு சொதசொதவென்று இருந்தது. கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

தேய்த்ததில் குற்றமில்லை. ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்கவில்லை, அவ்வளவுதான். அந்த விரிப்பை எடுத்து எறிவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. "முதல்ல குழந்தையை டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்த அறையில படுக்க வைக்காதீங்க," என்று சொல்லிவிட்டு, காசு வாங்காமல் திரும்பினோம்.

நனைந்த பொருள் 24 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறை சொல்கிறது. நம் சென்னைக் காற்றிலோ எப்போதும் ஈரப்பசை. மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். பூஞ்சணம் கலந்த காற்று இளைப்புக்காரக் குழந்தைகளுக்கு ஆகவே ஆகாது. அதனால்தான் சொல்கிறேன், எவ்வளவு ஊற்றினார்கள் என்று பார்க்காதீர்கள், எவ்வளவு உறிஞ்சினார்கள் என்று பாருங்கள்!

இந்த உண்மை ஒன்றும் புதிதல்ல. லண்டனில் ஹ்யூபர்ட் செசில் பூத் என்ற என்ஜினீயர், தூசியை ஊதித் தள்ளுகிற ஒரு மெஷினைப் பார்த்தார். ஊதினால் தூசி பறந்து மறுபடியும் அங்கேயேதானே விழும்? உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு ஹோட்டல் நாற்காலியில் கைக்குட்டையை வைத்து, அதன்மேல் வாய் வைத்து இழுத்துப் பார்த்தார். கைக்குட்டையில் அழுக்கு வட்டமாகப் படிந்தது! 1901-ல் உறிஞ்சும் மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். 1902-ல் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தின் கம்பளத்தைச் சுத்தம் செய்ததும் அவருடைய மெஷின்தான்.

அகலமா, குறுகலா?

நாங்கள் மெஷின் வாங்கப் போனபோது நாத்தனார் 14 அங்குல வாய் வைத்த வாண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அண்ணி, இதையே வாங்கிடலாம். ரெண்டு இழுப்புல ஒரு ரூமே முடிஞ்சிடும்!"

"மெஷின் சின்னதாச்சேம்மா, இழுக்குமா?" என்றேன். கடைக்காரர் நல்ல மனிதர். ஒரு பழைய கார்ப்பெட்டை விரித்து, "நீங்களே பாருங்க," என்றார். ஒரு பாதியில் 14 அங்குலம், மறுபாதியில் 10 அங்குலம். பிறகு இரண்டு பக்கமும் வெள்ளைத் துண்டை வைத்து உள்ளங்கையால் அழுத்தினோம். அகல வாண்ட் போன பக்கம் துண்டு நனைந்துவிட்டது. குறுகிய வாண்ட் போன பக்கம் லேசாகச் சில்லிட்டது, அவ்வளவுதான். நாத்தனார் மறுபேச்சுப் பேசவில்லை.

காரணம் ரொம்ப எளிது. மோட்டாருக்கு இருக்கிற பலம் ஒன்றுதான். வாய் அகலமானால் அந்தப் பலம் பரவி, ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிடைப்பது குறைந்துவிடும். வேனிலேயே பொருத்திய பெரிய மெஷின்களுக்கு 14 அங்குல வாயும் 2 அங்குலக் குழாயும் பொருந்தும். கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிற மெஷினுக்கு 10 அல்லது 12 அங்குல வாய், ஒன்றரை அங்குலக் குழாய் போதும். சோபா, மாடிப்படி, கார் சீட்டுக்கு 4 அங்குலக் கை வாண்ட் தனியாக வேண்டும்.

இன்னும் கவனிக்க வேண்டியவை

ஜெட்: ஜெட் அதிகமிருந்தால் தண்ணீர் சீராகப் பரவும். ஆனால் பம்ப்பும் உறிஞ்சும் மோட்டாரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். சின்ன மெஷினுக்கு ஒன்றோ இரண்டோ போதும். போர் தண்ணீரின் உப்புப் படிந்து ஜெட் அடைத்துக்கொண்டால் கார்ப்பெட்டில் கோடு கோடாக அழுக்கு நிற்கும். வினிகரில் ஊறவைத்துக் கழுவினால் சரியாகிவிடும்.

வாயின் விளிம்பு: விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நூலை இழுத்துவிடும். விளிம்பு முழுவதும் தரையோடு படிய வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றால் தண்ணீருக்குப் பதில் வெறும் காற்றைத்தான் இழுக்கும். விளிம்பில் மாட்டுகிற வழவழப்பான பிளாஸ்டிக் பட்டை ஒன்று கிடைக்கிறது. அது இருந்தால் வாண்ட் வழுக்கிக்கொண்டு வரும். தோள்பட்டைக்கு எவ்வளவு சுகம் தெரியுமா!

உயரம்: இதைத் தொழிலாக எடுக்க நினைக்கிற சகோதரிகள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நிமிர்ந்து நின்றபடி பின்னால் நடந்து இழுக்க முடிகிறதா? குனிய வைக்கிற வாண்ட், விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். மிச்சம் பிடித்த காசு முதுகுவலித் தைலத்துக்கே போய்விடும்.

கண்ணாடி போன்ற வாய்: சில வாண்டுகளில் வாய்ப்பகுதி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக்கில் இருக்கும். தண்ணீர் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். அது நிற்கிறவரை இழுத்தால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது.

ஆட்களைக் கூப்பிடும்போது...

கழுவுவதற்கு முன் காய்ந்த தூசியை வாக்குவம் கிளீனரால் எடுக்கிறார்களா என்று பாருங்கள். தூசியோடு தண்ணீர் சேர்ந்தால் சேறுதானே! விசையை அழுத்தியபடி ஒரு முறை இழுத்தால், விசையை விட்டுவிட்டு அதே இடத்தில் இரண்டு முறையாவது மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தப்பவிடுவது இந்த வெறும் இழுப்பைத்தான். கடைசியில் சோப்பில்லாத தண்ணீரால் ஒரு தரம் அலசச் சொல்லுங்கள். சோப்புப் பிசுக்கு நின்றுவிட்டால் ஒரே மாதத்தில் மறுபடி அழுக்கு ஒட்டிக்கொள்ளும்.

பணம் கொடுப்பதற்கு முன் வெள்ளைத் துண்டை மடித்துக் கார்ப்பெட்டில் வைத்து அழுத்திப் பாருங்கள். துண்டு சொட்டச் சொட்ட நனைந்தால், "இன்னும் ரெண்டு தடவை இழுத்துட்டுப் போங்கப்பா," என்று தயங்காமல் சொல்லுங்கள். பிறகு ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து வையுங்கள். மழை நாளானால் ஜன்னலை மூடிவிட்டு ஏ.சி. போடலாம். நன்றாக உறிஞ்சிய கார்ப்பெட் காலையில் கழுவினால் ராத்திரிக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். முழுதாகக் காய்கிறவரை குழந்தையை அதன்மேல் விடாதீர்கள்.

எல்லாக் கம்பளத்துக்கும் வாண்ட் ஆகாது. காஷ்மீரப் பட்டுக் கம்பளம், கையால் முடிச்சுப் போட்ட பழைய கம்பளி இவற்றில் வெந்நீர் பட்டால் சாயம் கலங்கலாம். ஈர வெள்ளைத் துணியால் ஒரு மூலையை ஒற்றிப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அதற்கென்றே இருக்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அடியில் சணல் வைத்ததானால், ஈரம் அதிகமாகும்போது பழுப்புக் கறை மேலே எழும்பி வரும்.

வாசலில் மெஷினோடு ஆட்கள் வந்து நின்றால், ஷாம்புவின் வாசனையில் மயங்கிவிடாதீர்கள். "உங்க வாண்டைக் கொஞ்சம் காட்டுங்க," என்று கேளுங்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகக் காட்டுவார். தெரியாதவர் விழிப்பார். அப்போதே உங்களுக்குப் புரிந்துவிடும்!