மொம்பாசாக் கடைகளில் வேப்பமரச் சிற்பம்

யாழ்ப்பாணத்திலே வேப்பமரம் நில்லாத வளவைக் காண்பது அரிது. நிழலுக்கு அது வேண்டும். அம்மை கண்ட வீட்டுக்கு அதன் குழை வேண்டும். வடகத்துக்கு அதன் பூ வேண்டும். முதிர்ந்த மரத்தைத் தறித்துக் கதவும் நிலையும் செய்வோரும் உண்டு. ஆனால் அம்மரத்தில் ஓர் ஒட்டகச்சிவிங்கியைச் செதுக்கி, மினுக்கி, கடதாசியிற் பொதிந்து, அமெரிக்காவிலுள்ள ஒரு வீட்டு வரவேற்பறைக்கு அனுப்பிச் சீவியம் நடத்தலாம் என்று நம்மவர் எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. கெனியா நாட்டின் கரையோரத்திலே கம்பா என்னும் இனத்துச் சிற்பிகள் அதனைச் செய்து வருகின்றனர். வேம்பின்மேற் கொண்ட விருப்பத்தினால் அவர்கள் அதனிடம் வரவில்லை. நல்ல மரமெல்லாம் தீர்ந்து போகத் தொடங்கிய பின்னரே வந்தார்கள்.

கம்பா மக்களின் தாயகம் கரையோரமன்று. உள்நாட்டிலே, மச்சாக்கோஸ் முதலிய வறண்ட பகுதிகளே அவர்களுடைய ஊர்கள். மழை அடிக்கடி பொய்க்கும் நிலம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யானைத்தந்தம் சுமந்து நெடுந்தூரம் நடந்து கடற்கரையில் விற்று மீண்டவர்கள் ஆதலால், அந்நியரோடு பேரம் பேசுவது அவர்களுக்குப் புதிதன்று. முக்காலிகளில் மெல்லிய கம்பியைப் பதித்து அழகு செய்வதும் அவர்களது பழைய கைவேலையாகும். ஆயினும், மனிதர், விலங்குகள் ஆகியவற்றின் உருவங்களை விற்பனைக்கென்று செதுக்கும் வழக்கம் அவர்களிடம் முன்னர் இருக்கவில்லை.

அவ்வழக்கத்தைக் கொணர்ந்தவர் வமுன்யு என்ற ஊரைச் சேர்ந்த முட்டீசியா முங்கே என்பவர். 1914 இல் தொடங்கிய உலக யுத்தத்தின் போது அவர் தங்கனீக்காவுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே உள்ளூர்ச் சிற்பிகள் கருமரத்தில் உருவங்கள் செதுக்குவதைக் கண்டு அத்தொழிலைப் பழகிக்கொண்டார். அவருக்குக் கற்பித்தோர் மக்கொண்டே இனத்தவர் என்பர் சிலர். சராமோ இனத்தவர் என்பர் வேறு சிலர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியதும், தாம் பழகியதை முதலில் உறவினருக்கும் பின்னர் அயலாருக்கும் சொல்லிக் கொடுத்தார். பாதிரிமாரும் படைவீரரும் வெள்ளைக்காரத் தோட்டக்காரரும் வாங்கினர். நைரோபியில் கடை வைத்திருந்த இந்திய வணிகரும் வாங்கி அடுக்கினர். இரண்டாவது உலக யுத்தத்தின்போது கெனியாவுக்கு வந்திறங்கிய படைவீரர்கள் ஊருக்குக் கொண்டுபோக ஏதேனும் நினைவுப் பொருள் தேடியபோது, வமுன்யுவின் கைவேலைக்கு ஒரு பெருஞ் சந்தை திறந்துவிட்டது.

இத்தொழில் நடந்த விதத்தைப் பொருளியலாளராகிய வால்டர் எல்கன் நேரிற் கண்டு 1958 இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். இன்றும் வாசிக்கத்தக்க கட்டுரை அது. கூலிக்குச் செதுக்குவோர், சொந்தமாகச் செதுக்கி விற்போர், வாங்கித் தூரதேசத்துக்குக் கொண்டு செல்வோர் எனப் பலர் இதனுள் வளர்ந்துவிட்டனர். ஒருவர் மான் மட்டுமே செதுக்குவார். மற்றொருவர் யானை மட்டுமே. பழகிய கைக்கு அளவுகோல் வேண்டுவதில்லை. வாய்ச்சியால் நாலு வெட்டு வெட்டியதும் கட்டையினுள்ளே மானின் கழுத்து தெரிந்துவிடும். அதன்பின் கத்தி, அரம், அரத்தாள், கடைசியில் மெழுகு.

என்ன செதுக்குவது என்பதைத் தீர்மானித்தவர் யார்? வாங்குபவரே எனலாம். கம்பாச் சிற்பி ஈட்டி ஏந்திய மசாய் வீரனைச் செதுக்கினார். மசாய் மக்கள் வேறோர் இனத்தவர் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். உல்லாசப் பிரயாணிக்கு மசாய் வீரன்தான் ஆபிரிக்காவாகத் தோன்றினான். கீரைப் பச்சடி கிளறும் நீண்ட கரண்டி, கடித உறை கிழிக்கும் கத்தி, மேசைத் துவாலைக்கு வளையம் என்று தங்கள் வீட்டிலே பயன்படாத பண்டங்களையும் அவர்கள் ஆயிரக்கணக்கிற் செய்தார்கள். இதனைக் கலையின் வீழ்ச்சி என்று எழுதிய பேரறிஞர் உளர். பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டிய தகப்பனிடம் அப்பேச்சை எடுத்துச் செல்ல எனக்கு மனம் வராது.

இதற்கு நேர்மாறான ஒரு வியாபாரமும் அதே காலத்தில் அயலிலே நடந்தது. தார் எஸ் சலாம் நகரில் இந்திய வம்சாவளியினரான மொகமட் பீரா என்ற வணிகர், மொசாம்பிக்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்திருந்த மக்கொண்டேச் சிற்பிகளிடம் சிற்பங்கள் வாங்கி விற்றார். 1950 களில் சமாக்கி லிக்கன்கோவா என்ற சிற்பி, மனித உருவமும் அல்லாது விலங்கும் அல்லாது முறுகித் திருகிய பேயுருவங்களைச் செதுக்கியபோது, பீரா அவற்றைத் தள்ளிவிடாமல் வாங்கி, வாங்குவோருக்கும் அறிமுகஞ் செய்தார். 'ஷெத்தானி' என்று இவ்வகைச் சிற்பங்களுக்குப் பெயர். அரபு மொழியிலிருந்து சுவாஹிலிக்குச் சென்ற சொல் அது. நாம் சாத்தான் என்பதற்கும் அதற்கும் உறவு உண்டு. இன்று அவை உலகின் நூதனசாலைகளில் இடம்பெற்றுள்ளன. கடைக்காரர் ஒருவர் வாங்குவோரின் சுவைக்கு அடங்கிப் போகாமல் அதனை வளர்க்கவும் கூடும் என்பதை அந்தச் சிறிய வியாபாரம் காட்டியது. மான் செதுக்கிய கம்பாச் சிற்பிகளுக்கும் அத்தகைய கடைக்காரர் ஒருநாள் தேவைப்படுவார் என்று அப்போது எவரும் நினைக்கவில்லை.

கெனியா சுதந்திரம் பெற்ற 1963 ஆம் ஆண்டிலேயே மொம்பாசா நகரில் கம்பாச் சிற்பிகளின் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. நம் நாட்டிலே கூட்டுறவுச் சங்கத்தின் நன்மையையும் தொல்லையையும் நன்கறிந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. நகரின் புறத்தே ஒரு பெரிய வளவு. தகரக் கூரைகளின் கீழ் வரிசை வரிசையாக மனிதர் நிலத்தில் அமர்ந்து, கால்களால் கட்டையைப் பிடித்துக்கொண்டு செதுக்குகின்றனர். சுற்றிலும் மரச்சீவல் குவிந்து கிடக்கிறது. முன்புறத்திலே விற்பனைச் சாலை. சிற்பத்தில் இடப்படும் அங்கத்தவர் இலக்கத்தைக் கொண்டு அது எவருடைய கைவேலை என்று அறியலாம். விற்ற பணத்தில் ஒரு பங்கைச் சங்கம் செலவுக்கு எடுத்துக்கொண்டு மிகுதியைச் சிற்பிக்குக் கொடுக்கிறது. தரகர் பலர் கை மாறி வந்த காலத்தோடு ஒப்பிடுமிடத்து இது பெரிய முன்னேற்றம். 1990 களில் நடந்த ஆய்வுகள், கெனியா முழுவதிலும் சுமார் 60,000 பேர் செதுக்கித் தொழிலில் ஈடுபட்டிருந்தனர் என்றும், ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 20 மில்லியன் அமெரிக்க டொலர் பெறுமதியான பண்டங்கள் ஏற்றுமதியாயின என்றும் மதிப்பிட்டன.

சங்கம் விலையைச் சீர்செய்தது, கணக்கைச் சீர்செய்தது. மரத்தைப் பற்றி மட்டும் நெடுங்காலம் எவரும் கணக்குப் பார்க்கவில்லை.

சிற்பிகள் விரும்பிய மரம் ம்பிங்கோ. ஆபிரிக்கக் கருமரம் என்று மேல்நாட்டார் அதனைச் சொல்வர். மேல்நாட்டுச் சங்கீதத்தில் கிளாரினெற் என்னும் குழலைச் செய்வதற்கு இதனையே பெரிதும் தேடுவர். நீரிலிட்டால் தாழ்ந்துபோகும் அளவுக்குக் கனத்த மரம். செதுக்கி மினுக்கினால் கண்ணாடிபோலப் பளபளக்கும். ஆனால் வைரம் பாய்ந்து வேலைக்கு உதவும் பருமனை அடைய எழுபது, நூறு ஆண்டுகள் செல்லும். ம்பிங்கோ கிடைப்பது அரிதாகிய இடங்களில் முகுகு என்ற மரத்துக்கு மாறினர். அதுவும் மிக மெதுவாகவே வளர்வது. கரையோரத்து அரபுகோ-சொக்கோக்கே காடு, நைரோபியை அடுத்த காடுகள் ஆகியவற்றிலிருந்து முகுகு மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. பெரும்பாலும் கள்ளத்தனமாகவே தறிக்கப்பட்டமையால், காட்டில் நின்ற மரத்துக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. தறித்தவனின் கூலியும் ஏற்றி வந்த வண்டியின் வாடகையுமே கட்டையின் விலையாயின. நூறு ஆண்டு வளர்ந்த மரத்தில் செய்த மேசை வளையம் மலிவாக விற்கப்பட்டதன் இரகசியம் இதுதான்.

இவ்விடத்தில் நாம் பிறரைக் குற்றஞ் சொல்லப் புறப்படக் கூடாது. இலங்கையின் கருங்காலி காலியிலும் கொழும்பிலும் யானை யானையாகச் செதுக்கப்பட்டுக் கப்பற் பிரயாணிகளுக்கு விற்கப்பட்டதை நம் பாட்டன்மார் கண்டிருக்கின்றனர். இன்று முதிர்ந்த கருங்காலியைக் காட்டில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கெனியாவில் மாற்று வழி தேடியோர் 1990 களில் ஒன்றுகூடினர். உலக வனசீவராசிகள் நிதியம், யுனெஸ்கோ, கியூ தாவரவியற் பூங்கா ஆகிய மூன்றும் 1992 இல் தொடங்கிய 'மக்களும் தாவரங்களும்' என்னும் திட்டத்தின் கீழ், தாவர ஆய்வாளர் அன்ரனி கன்னிங்ஹாம் முதலியோர் சிற்பிகளோடு சேர்ந்து வேலை செய்தனர். காட்டு மரத்தை விட்டுத் தோட்டத்து மரத்துக்கு வருமாறு அவர்கள் கூறினர். மா, ஜக்கரண்டா, கிரெவில்லியா ஆகியவற்றோடு, கரையோரத்திலே எங்கும் தானாக முளைத்துப் பரவிக் கிடந்த வேம்பையும் காட்டினர்.

வேம்பு அங்கே சென்ற கதை சிறியது. இந்திய உபகண்டத்திலிருந்து சென்று குடியேறியோர் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே அதனைக் கொண்டுபோய் நட்டனர். சுவாஹிலி மொழியில் அதற்கு 'ம்வாரொபைனி' என்று பெயர். 'அரொபைனி' என்றால் நாற்பது. நாற்பது நோய்களைத் தீர்க்கும் மரம் என்பது கருத்து. இருபது ஆண்டளவில் செதுக்குவதற்குப் போதிய பருமனாகும். தறித்த அடியிலிருந்து மீண்டும் தளிர்க்கும். கறையானும் எளிதில் அண்டாது.

இவ்வளவு நற்குணம் இருந்தும் சிற்பிகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்ன நியாயம் உண்மையான நியாயம். வேம்பின் வைரம் செம்மண் நிறமாகவும் அதைச் சுற்றிய வெளிறு மஞ்சள் வெண்மையாகவும் இருக்கும். பிரயாணியோ ஆபிரிக்கச் சிற்பம் என்றால் கறுப்பாகவே இருக்கவேண்டும் என்று நம்பியிருந்தான். அந்த நம்பிக்கையை ஊட்டியவர்களும் கடைக்காரர்களே. வெளிறிய மரத்திற் செய்த உருவத்துக்குக் கறுப்புச் சப்பாத்துப் பொலிஷ் பூசிக் கருமரம் என்று விற்பது கிழக்கு ஆபிரிக்கச் சந்தைகளில் பழைய தந்திரம். வாங்கியவன் விடுதிக்குச் சென்று கைலேஞ்சியால் துடைத்த பின்புதான் உண்மை தெரியவரும்.

மற்றைய சங்கடம் வெடிப்பு. பச்சை மரம் செதுக்க இலகு, உலர்ந்தால் இரும்பாகிவிடும். ஆதலால் சிற்பிகள் தறித்த சில நாட்களுக்குள்ளேயே செதுக்கி முடிப்பர். மொம்பாசாவின் ஈரக் காற்றில் அச்சிற்பத்துக்கு ஒன்றும் நேராது. அது கப்பலேறி, மாரிகாலத்தில் இரவும் பகலும் வெப்பமூட்டப்படும் ஒரு மேல்நாட்டு வீட்டை அடைந்ததும், உள்ளே கிடந்த நீர் விரைந்து வெளியேற, யானையின் முதுகு நீளத்துக்கு வெடித்துவிடும். பெட்டி பெட்டியாகப் பண்டம் எடுப்பித்த சிறு கடைக்காரர் ஒருவருக்கு இது எத்தகைய நட்டம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. விற்ற காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த கட்டளையைக் குறைக்க வேண்டும். குறைந்த கட்டளையின் அடி மொம்பாசாவில் நிலத்தில் அமர்ந்திருப்பவரின் வயிற்றில் விழும். இதற்கு வழி, கட்டையை நிழலில் மாதக்கணக்காக அடுக்கி உலர்த்துவது, அல்லது சூளையிலிட்டு ஈரத்தைக் குறைப்பது. இரண்டுக்கும் முதல் வேண்டும். அன்று செதுக்கி அன்று உண்ணும் மனிதரிடம், ஆறு மாதம் கழித்துச் செதுக்கு என்று சொல்வது எளிதன்று. ஆகவே மரத்தை வாங்கி உலர்த்தி வைத்திருக்கும் பொறுப்பைச் சங்கமும் முன்பணம் தரும் வெளிநாட்டு வாங்குநரும் ஏற்க வேண்டியதாயிற்று. இவ்வியாபாரத்தின் நாணயம், சிற்பத்துக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதிலும் பார்க்க, முன்பணம் கொடுத்தாரா என்பதில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

கரையோரத்து விவசாயிகள் தங்கள் காணிகளில் நிற்கும் வேம்புகளைப் பதிந்து, எத்தனை தறிக்கலாம், எத்தனை நிற்கவேண்டும் என்று திட்டம் வகுத்து, ஒரு சங்கமாக இணைந்தனர். 2005 ஆம் ஆண்டில் அம்மரத்துக்கு வனப் பராமரிப்புக் கழகத்தின் முத்திரை கிடைத்தது. காணியில் தறித்த கட்டை சிற்பியின் கைக்கு வந்து, சிற்பமாகிப் பெட்டியில் ஏறும் வரை, பிற மரத்தோடு கலக்கவில்லை என்று ஒவ்வொரு படியிலும் எழுத்தில் காட்டினாலே அம்முத்திரையை இடலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அதன் பரிசோதனைச் செலவு ஏழைச் சங்கங்களின் முதுகில் ஒரு பெருஞ் சுமை. மறுபுறத்தில், களவாகத் தறித்த மரம் முத்திரை பெற்ற மரத்திலும் மலிவாகவே கிடைத்துக்கொண்டிருந்தது.

சட்டமும் பின்னர் கடுமையாயிற்று. 2017 ஜனவரி 2 ஆம் திகதி முதல், ம்பிங்கோவை உள்ளிட்ட டல்பேர்ஜியா இன மரங்கள் யாவும் சர்வதேச வியாபாரக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. கருமரச் சிற்பங்களை வியாபாரமாக எல்லை கடத்துவோர் அனுமதிப் பத்திரம் காட்டவேண்டியதாயிற்று. வேப்பமரத்துக்கு அத்தொல்லை இல்லை. காட்டைப் பற்றி ஒருபோதும் கவலைப்படாத வியாபாரிகள் சிலரும் அதனால் வேம்பின் பக்கம் திரும்பிப் பார்த்தனர்.

மரத்தின் இரு நிறத்தையும் மறைத்து விற்க முயன்ற காலம் போக, அதனைக் காட்டியே விற்கச் சில சிற்பிகள் பழகிக்கொண்டனர். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தோடு வெளிறு ஓடும்படியும் உடலில் வைரம் வரும்படியும் கட்டையைத் திருப்பி வைத்துச் செதுக்குகின்றனர். வாங்க வந்தவர் இது ஏன் கறுப்பாக இல்லை என்று கேட்டால், கடையில் நிற்பவர் சிற்பத்தைத் தலைகீழாகத் திருப்பி, மெழுகு பூசாத அடியை நகத்தால் சுரண்டி, உள்ளும் இதே நிறம்தான் என்று காட்டுகிறார்.