செருமனியின் மாநில வாழ்வு

செருமனி நாட்டின் அரசியலைக் கற்கப் புகும் மாணவன் முதற்கண் அதன் தலைநகராகிய பெர்லினையே நோக்குவான். மக்களவையும் மாநிலங்களவையும் சான்சலர் எனப்படும் தலைமையமைச்சரின் அலுவலகமும் அங்கே உள்ளமையால், அந்நகரை அறிந்தால் நாட்டையே அறிந்ததாகும் என்று அவன் எண்ணுதல் இயல்பே. ஆனால் அரசியலமைப்பு நீதிமன்றம் எங்கே உள்ளதெனத் தேடுவானாயின், அது நாட்டின் தென்மேற்கில் கார்ல்சுரூ என்னும் நகரில் இருக்கக் காண்பான். நடுவண் வங்கி பிராங்பர்ட்டில் உள்ளது. புள்ளிவிவர அலுவலகம் வீசுபாடனில் உள்ளது. தொழிலாளர் வழக்குகளை இறுதியாக ஆராயும் நீதிமன்றம் எர்பர்ட்டில் உள்ளது. ஆட்சியின் உறுப்புகள் இவ்வாறு பல ஊர்களில் பரந்து கிடத்தல் தற்செயலாக நேர்ந்ததன்று. அதன் காரணத்தை வினவத் தொடங்கும் மாணவனே செருமனியை அறியத் தொடங்கியவனாவான்.

செருமனி இன்று 16 மாநிலங்களாகப் பிரிந்துள்ளது. அவற்றுள் பெர்லின், ஆம்பர்க், பிரேமன் ஆகிய மூன்றும் நகரமே மாநிலமாக அமைந்தவை. பிரேமன் மாநிலத்தின் கதை சற்று வியப்புடையது. அது பிரேமன், பிரேமர்காவன் என்னும் இரு நகரங்களால் ஆனது. இரண்டிற்கும் இடையே வேறொரு மாநிலத்தின் நிலம் கிடக்கின்றது. வரைபடத்தில் இதனைக் காண்போர் இஃது என்ன குழப்பம் என்று நகைக்கலாம். எனினும், செருமானியர்கள் இக்குழப்பத்தை நேராக்க விரும்பாமைக்குத் தக்க காரணம் உண்டு.

1871-ஆம் ஆண்டிற்கு முன்னர்ச் செருமனி என்பது ஒரு மொழி வழங்கிய நிலப்பரப்பின் பெயரே அன்றி, ஓர் அரசின் பெயர் அன்று. அவ்வாண்டிலேயே முடியரசுகளும் சிற்றரசுகளும் தன்னாட்சி நகரங்களுமாகிய இருபத்தைந்து நாடுகள், பிரசியாவின் தலைமையில் ஒரு பேரரசாக இணைந்தன. பவேரிய மன்னர் தம் முடியையும், அஞ்சல், இரயில் ஆகியவற்றின் ஆட்சியையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். முதல் உலகப் போரின் இறுதியில், 1918-இல், முடிகள் யாவும் வீழ்ந்தன. ஆயினும் அந்நாடுகள் மாநிலங்களாக நிலைத்தன. ஒவ்வொன்றிற்கும் ஒரு சட்டமன்றமும் ஓர் அமைச்சரவையும் இருந்தன.

அவற்றிற்கு நேர்ந்த கேட்டினை மாணவன் ஊன்றிக் கற்றல் வேண்டும். நாட்டின் பரப்பிலும் மக்கள்தொகையிலும் ஐந்தில் மூன்று பங்கைத் தன்னகத்தே கொண்டிருந்த பிரசிய மாநிலத்தின் அமைச்சரவையை, 1932-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நடுவண் அரசு பதவியினின்று நீக்கிற்று. அப்போது இட்லர் ஆட்சிக்கு வரவில்லை. எனினும் அவர் நடக்கவிருந்த வழியில் முட்கள் அகற்றப்பட்டுவிட்டன. 1933 சனவரி 30-இல் அவர் சான்சலர் ஆனார். சின்னாட்களிலேயே மற்ற மாநிலங்களின் அரசுகளும் அவர் கட்சியினர் கைக்கு மாறின. சரியாக ஓராண்டு கழித்து, 1934 சனவரி 30-இல், மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தையும் ஒழிக்கும் சட்டம் வந்தது. அடுத்த இரு வாரங்களில் மாநிலங்களின் பேராளர்கள் கூடும் அவையும் ஒழிந்தது. அதன் பின்னர், பெர்லினில் இட்ட ஆணையை மறுத்துரைக்கும் உரிமை பெற்ற மன்றம் ஒன்றேனும் அந்நாட்டில் எஞ்சவில்லை.

1945-இல் செருமனி தோற்றது. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் நாட்டைப் பகுத்து ஆண்டன. 1947-இல் பிரசியா என்னும் மாநிலத்தையே அவை கலைத்துவிட்டன. மேற்குப் பகுதியில் மாநிலங்களே முதலில் உயிர்பெற்றன. நடுவண் அரசு பின்னரே தோன்றிற்று. மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தனுப்பிய 65 பேர், 1948 செப்டம்பரில் பான் நகரில் கூடினர். கொன்ராடு அடினாயர் அவர்களுக்குத் தலைவராக விளங்கினார். அவர்கள் இயற்றிய அடிப்படைச் சட்டம் 1949 மே 23-இல் வெளியிடப்பட்டது.

அச்சட்டத்தை மாநிலங்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. பவேரியச் சட்டமன்றம் மட்டும் அதனை ஏற்க மறுத்தது. மாநிலங்களின் உரிமை இதில் போதாது என்பது அதன் குறை. எதிராக 101 வாக்குகளும் ஆதரவாக 63 வாக்குகளும் விழுந்தன. ஆயினும், மூன்றில் இரு பங்கு மாநிலங்கள் ஏற்குமாயின் தாமும் கட்டுப்படுவோம் என்று அதே மன்றம் முடிவு செய்தது. மறுத்தும் பிரியாமல் நின்ற இச்செயல் நுட்பமானது. பவேரியர்களின் இயல்பை அறிய இஃதொன்றே போதும். இன்றளவும் கிறித்தவச் சமூக ஒன்றியம் என்னும் கட்சி பவேரியாவில் மட்டுமே தேர்தலில் நிற்கின்றது. அதன் தோழமைக் கட்சியாகிய கிறித்தவ சனநாயக ஒன்றியம் ஏனைய 15 மாநிலங்களில் நிற்கின்றது.

அடிப்படைச் சட்டத்தைத் திருத்துவதற்கு இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு வாக்குகள் வேண்டும். ஆனால் சிலவற்றை எத்துணைப் பெரும்பான்மையாலும் மாற்றுதல் இயலாது என 79-ஆம் பிரிவு விலக்கி வைத்துள்ளது. மாந்தனின் மதிப்பு அவற்றுள் ஒன்று. நாடு மாநிலங்களாகப் பகுக்கப்பட்டிருத்தலும், சட்டம் இயற்றுவதில் மாநிலங்கள் பங்கு பெறுதலும் அவற்றோடு வைத்து எண்ணப்பட்டுள்ளன. 1934-ஐக் கண்டவர்கள் எழுதிய சட்டம் அன்றோ அது!

மாநிலங்கள் பங்கு பெறும் இடம் மாநிலங்களவையாகும். நம் நாட்டில் அப்பெயருடைய அவையின் உறுப்பினரைச் சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கின்றனர். செருமனியிலோ மாநில அமைச்சர்களே அங்குச் சென்று அமர்கின்றனர். மக்கள்தொகைக்கேற்ப ஒரு மாநிலத்திற்கு மூன்று முதல் ஆறு வரை வாக்குகள் உண்டு. ஏறத்தாழ 1 கோடியே 80 இலட்சம் மக்களையுடைய வடக்கு ரைன்–வெசுட்பாலியாவிற்கு ஆறு வாக்குகள். ஏறத்தாழ 7 இலட்சம் மக்களையுடைய பிரேமனுக்கு மூன்று. சிறியோர் குரல் பெரியோர் குரலில் அமிழ்ந்துவிடலாகாது என்பதே இதன் நோக்கம். ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே பக்கம் விழவேண்டும் என்பது விதி. அங்கே பேசுவது மாநிலமே அன்றித் தனி மாந்தர் அல்லர்.

இவ்விதி 2002 மார்ச்சு 22-இல் பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. வெளிநாட்டார் குடியேற்றம் பற்றிய சட்டம் ஒன்று அவையின் முன் இருந்தது. பிராண்டன்பர்க் மாநிலத்தின் நான்கு வாக்குகள் கிடைத்தால் அது நிறைவேறும், கிடைக்காவிடில் வீழும். அம்மாநிலத்தை அப்போது இரு கட்சிகள் கூடி ஆண்டன. மாநிலத்தின் பெயர் அழைக்கப்பட்டபோது, ஒரு கட்சியின் அமைச்சர் ‘ஆம்’ என்றார். மற்றைக் கட்சியின் அமைச்சர் ‘இல்லை’ என்றார். அவைத்தலைவராக இருந்த பெர்லின் மேயர் கிளவுசு வோவரைட்டு, பிராண்டன்பர்க்கின் முதலமைச்சரை நோக்கி மீண்டும் வினவினார். அவர் ‘ஆம்’ என்றதும், அதனையே மாநிலத்தின் வாக்காகக் குறித்துக்கொண்டார். அவையில் கூச்சல் எழுந்தது. வழக்கு கார்ல்சுரூவிற்குச் சென்றது. மாநிலம் ஒருமித்து வாக்களிக்கவில்லை என்பது வெளிப்படையானபின், முதலமைச்சரை மீண்டும் வினவும் உரிமை அவைத்தலைவர்க்கு இல்லை என்று கூறி, அரசியலமைப்பு நீதிமன்றம் அவ்வாண்டு திசம்பர் 18-இல் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. பின்னர் இரு தரப்பாரும் பேசி உடன்பட்ட வேறொரு சட்டம் 2005 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது.

இவை அரசியலார் செய்திகள். மக்களின் நாள்வாழ்விலும் மாநிலத்தின் தடம் ஆழப் பதிந்துள்ளது. கல்வி முழுதும் மாநிலத்தின் பொறுப்பு. பெரும்பாலான மாநிலங்களில் தொடக்கப்பள்ளி நான்காண்டு. பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் ஆறாண்டு. தந்தையின் பணிமாற்றத்தால் ஆம்பர்க்கிலிருந்து மியூனிக்கு செல்லும் சிறுவன், புதிய பாடத்திட்டத்தோடு மல்லாட நேர்கின்றது. இத்துன்பத்தைக் குறைக்கவே மாநிலக் கல்வியமைச்சர்கள் 1948 முதல் கூடிப் பேசி வருகின்றனர். குறை முற்றும் தீர்ந்தபாடில்லை. கோடை விடுமுறையும் எல்லா மாநிலங்களுக்கும் ஒரே நாளில் தொடங்குவதில்லை. சாலைகளிலும் இரயில்களிலும் நெருக்கடி நேராதவாறு முறைவைத்துத் தொடங்குகின்றனர்.

திருநாட்களும் அவ்வாறே வேறுபடுகின்றன. கத்தோலிக்கர் மிகுந்த பவேரியாவில் விடுமுறையாகும் நாள், புராட்டசுடண்டுகள் மிகுந்த வடக்கில் வேலைநாளாகும். மன்னன் எச்சமயமோ குடிகளும் அச்சமயமே என 1555-இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் விளைவு அது. ஆக்சுபர்க் நகர மக்களுக்கு ஆகத்து 8-ஆம் நாள் அமைதித் திருநாள். அந்நகரில் மட்டுமே அன்று விடுமுறை. முப்பதாண்டுச் சமயப் போர் 1648-இல் முடிந்தபின், தம் வழிபாட்டுரிமையை மீளப் பெற்ற மகிழ்ச்சியால் அந்நகரத்துப் புராட்டசுடண்டுகள் 1650-இல் தொடங்கிய விழா அது. இன்று இரு சமயத்தாரும் கூடி அதனைக் கொண்டாடுகின்றனர். பேச்சுமொழியின் வேறுபாட்டைச் சொல்லவும் வேண்டுமோ? சனிக்கிழமையைத் தெற்கில் ‘சம்சுடாக்’ என்பர்; வடக்கிலும் கிழக்கிலும் ‘சொன்னாபெண்டு’ என்பர். காலையில் உண்ணும் சிறு உரொட்டிக்கு ஊர்தோறும் ஒரு பெயர்.

செருமானியம் அல்லாத மொழியினைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அங்கு உளர். கிழக்கெல்லையை ஒட்டிய லுசேசியா என்னும் நிலப்பகுதியில் சோர்பியர் வாழ்கின்றனர். அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர் என்பர். அவர்கள் மொழி சுலாவிய இனத்தது. பவுட்சன், கோட்புசு முதலிய ஊர்களில் தெருப்பெயர்கள் இரு மொழியிலும் எழுதப்பட்டுள்ளன. தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்து தமிழ் கற்று, தமிழ் நூல்களை அச்சிட்ட சீகன்பால்கு பிறந்த புல்சுனிட்சு என்னும் ஊர், அந்நிலப்பகுதியின் மேற்கு ஓரத்தில் உள்ளது. சோர்பியர் ஒருவர் 2008 முதல் 2017 வரை சாக்சனியின் முதலமைச்சராகவும் இருந்தார்.

எனினும் சட்டம் காத்தது எல்லாம் நிலத்தில் காக்கப்படவில்லை. லுசேசியாவின் அடியில் பழுப்பு நிலக்கரி கிடக்கின்றது. அதற்காகத் தோண்டிய பள்ளங்களில் பல சோர்பியச் சிற்றூர்கள் மறைந்தன. சோர்பியர் வாழிடத்தைக் காப்போம் எனப் பிராண்டன்பர்க்கின் அரசியலமைப்பு உரைக்கின்றது. அதனை நம்பி ஓர்னோ என்னும் சிற்றூரார் வழக்காடினர். அவ்வுரை ஒரு குறிக்கோளேயன்றி முழுத்தடை ஆகாது என்று மாநில நீதிமன்றம் 1998-இல் கூறிவிட்டது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றும் பயன் கிட்டவில்லை. ஊரார் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டனர், ஊர் இடிக்கப்பட்டது. நிலக்கரியால் மின்னாக்குவதை 2038-க்குள் நிறுத்துவதென்னும் சட்டம் 2020-இல்தான் வந்தது.

கிழக்குச் செருமனியின் பொதுவுடைமை அரசு 1952-இல் தன் ஐந்து மாநிலங்களையும் குலைத்து, நாட்டைச் சிறு மாவட்டங்களாகக் கூறிட்டது. 1990 அக்டோபர் 3-இல் இரு செருமனிகளும் இணைந்தபோது, அவ்வைந்து பெயர்களும் மீண்டும் எழுந்தன. நாற்பதாண்டளவு ஏட்டில் இல்லாத மாநிலங்களை மக்கள் மறந்திலர். பிராண்டன்பர்க் அவற்றுள் ஒன்று. அது பெர்லினை நாற்புறமும் சூழ்ந்துள்ளது. இரண்டையும் ஒன்றாக்கினால் செலவு குறையும் என்று இரு அரசுகளும் கருதி, 1996 மே 5-இல் மக்களைக் கேட்டன. பெர்லின் மக்கள் இசைந்தனர். பிராண்டன்பர்க்கில் ஏறத்தாழ 63 விழுக்காட்டினர் மறுத்தனர். திட்டம் கைவிடப்பட்டது. வானொலியும் தொலைக்காட்சியும் நடத்தும் நிறுவனம் ஒன்றினை 2003-இல் இரண்டும் பொதுவாக அமைத்துக்கொண்டன. அரசுகள் இன்றும் இரண்டே. பிராண்டன்பர்க் ஊர்களிலிருந்து பெர்லினுக்கு வேலைக்குச் செல்வோர் நாள்தோறும் இரயிலில் ஒரு மாநில எல்லையைக் கடந்து சென்று மீள்கின்றனர்.